நகரம் என்னும் சொல்லும் நகரங்களின் பெருக்கமும்: கேரளக் கணக்கெடுப்பு எண்கள் வழியே ஓர் ஆய்வு

0. முன்னுரை

2020ஆம் ஆண்டு சனவரித் திங்களில், உலகில் மிக விரைவாகப் பெருகிவரும் நகரங்கள் என ஒரு பட்டியல் வெளிவந்தது. ஐக்கிய நாடுகள் மக்கள்தொகைப் பிரிவின் மதிப்பீடுகளை அடிப்படையாகக் கொண்டு, எக்கனாமிஸ்ட் இதழின் ஆய்வுப் பிரிவு அதனைத் தொகுத்திருந்தது. அப்பட்டியலின் முதலிடத்தில் கேரளத்தின் மலப்புறம் இருந்தது. 2015க்கும் 2020க்கும் இடைப்பட்ட காலத்தில் அதன் பெருக்கம் ஏறத்தாழ 44 விழுக்காடு எனக் காட்டப்பட்டது. கோழிக்கோடு நான்காம் இடத்தையும் கொல்லம் பத்தாம் இடத்தையும் பெற்றிருந்தன.

மலப்புறத்தை நேரில் அறிந்தவர்களுக்கு இது வியப்பளித்தது. மலப்புறம் நகராட்சியின் மக்கள்தொகை 2001இல் ஏறத்தாழ 58 ஆயிரம். 2011இல் ஏறத்தாழ 68 ஆயிரம். பத்தாண்டுகளில் பத்தாயிரம் பேர் கூடிய ஓர் ஊர், உலகின் பெருநகரங்களை எல்லாம் முந்தியதாக எண்ணப்பட்டது எங்ஙனம்? எண்களில் பிழை இல்லை. பட்டியலில் 'மலப்புறம்' என்ற சொல்லும் நகராட்சியின் பெயர்ப்பலகையில் 'மலப்புறம்' என்ற சொல்லும் வெவ்வேறு பொருளைச் சுட்டின என்பதே இதற்கு விடை.

எனவே இது மக்கள்தொகையியலுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. சொற்பொருளியலுக்கும் மொழிபெயர்ப்பியலுக்கும் உரியது. நகரங்களின் அளவையும் பெருக்கத்தையும் கூறும் எண்கள், 'நகரம்' என்ற சொல்லுக்குக் கணக்கெடுப்பு தரும் பொருளைச் சார்ந்தே அமைகின்றன என்பதனைக் கேரளத்தின் எழு நகரங்களைச் சான்றாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கணக்கெடுப்பில் நகரம்

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நகரத்தை இரு வழிகளில் வரையறுக்கிறது. மாநகராட்சி, நகராட்சி, பாளைய வாரியம் முதலிய நகர உள்ளாட்சி அமைப்பைச் சட்டப்படி பெற்ற ஊர் எதுவாயினும் அது நகரம். இதனைச் 'சட்டமுறை நகரம்' எனலாம். இத்தகைய அமைப்பு இல்லாவிடினும் மூன்று அளவுகோல்களை நிறைவு செய்யும் ஊர் நகரமாகவே எண்ணப்படும். அவ்வளவுகோல்களாவன:

(அ) மக்கள்தொகை குறைந்தது 5,000;
(ஆ) முதன்மைத் தொழிலாளராகிய ஆடவருள் குறைந்தது 75 விழுக்காட்டினர் வேளாண்மை அல்லாத தொழில்களில் ஈடுபட்டிருத்தல்;
(இ) சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர் என்னும் மக்கள் நெருக்கம்.

இவ்விரண்டாம் வகை ஊர் 'கணக்கெடுப்பு நகரம்' எனப்படும். அங்கு ஆட்சி செய்வது கிராமப் பஞ்சாயத்தே. கணக்கெடுப்பு ஏட்டில் அது நகரம்; ஆட்சித்துறை ஏட்டில் அது கிராமம். ஓர் ஊருக்கு ஒரே காலத்தில் இரு பெயர்கள் பொருந்துகின்றன.

1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலிருந்து இவ்வளவுகோல்கள் பெரும்பாலும் மாறாமல் வருகின்றன. ஒரு இலட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உடையவை முதல் வகுப்பு நகரங்கள். 5,000க்குக் குறைந்தவை ஆறாம் வகுப்பு நகரங்கள். ஆங்கிலத்தில் முதல் வகுப்பைச் 'சிட்டி' என்றும் ஏனையவற்றை 'டவுன்' என்றும் வேறுபடுத்துவர். தமிழில் இரண்டுமே பெரும்பாலும் 'நகரம்' என்றே பெயர்க்கப்படுவதால் இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது.

2011இல் இந்தியாவின் நகரங்கள் 7,935 எனக் கணக்கிடப்பட்டன. 2001இல் அவை 5,161. இவ்விடைக்காலத்தில் சட்டமுறை நகரங்கள் 3,799இலிருந்து 4,041 ஆயின. கணக்கெடுப்பு நகரங்களோ 1,362இலிருந்து 3,894 ஆக உயர்ந்தன. புதிய நகரங்களுள் மிகப் பெரும்பாலானவை ஓர் அரசாணையாலும் தோன்றியவை அல்ல; வகைப்பாட்டினால் தோன்றியவை.

2. நகரத்திரளும் ஆகுபெயரும்

நகரத்தின் கட்டடப் பரப்பு உள்ளாட்சி எல்லையோடு நின்றுவிடுவதில்லை. அடுத்தடுத்த ஊர்களில் வீடுகளும் கடைகளும் தொடர்ந்து அமைந்து, ஓர் ஊர் முடிந்து மற்றோர் ஊர் தொடங்கும் இடம் கண்ணுக்குப் புலப்படாத நிலை ஏற்படும்போது, அத்தொடர்ச்சி முழுவதையும் ஓர் அலகாகக் கொள்வது கணக்கெடுப்பின் வழக்கம். 1961இல் இதற்கு 'நகரத் தொகுதி' என்ற கருத்து கையாளப்பட்டது. 1971 முதல் 'அர்பன் அக்ளாமரேஷன்' என்ற கலைச்சொல் வழங்குகிறது. இக்கட்டுரையில் அது 'நகரத்திரள்' எனக் குறிக்கப்படுகிறது. 2011ஆம் ஆண்டு வரையறைப்படி, திரளில் அடங்கிய நகரங்களுள் ஒன்றேனும் சட்டமுறை நகரமாக இருத்தல் வேண்டும். திரளின் மொத்த மக்கள்தொகை முந்தைய கணக்கெடுப்பில் 20,000க்குக் குறையாதிருத்தல் வேண்டும்.

நகரத்திரளுக்கு மேயர் இல்லை, மன்றம் இல்லை, வரி விதிக்கும் உரிமையும் இல்லை. அது புள்ளிவிவரத்திற்காக வகுக்கப்பட்ட எல்லை. ஆயினும் அதற்கு ஒரு பெயர் வேண்டும். திரளின் மைய நகரத்தின் பெயரே முழுத் திரளுக்கும் சூட்டப்படுகிறது. மலப்புறம் நகராட்சி, மஞ்சேரி நகராட்சி, அவற்றைச் சூழ்ந்த பல பஞ்சாயத்துப் பகுதிகள் ஆகிய அனைத்தும் சேர்ந்த திரளுக்கும் பெயர் 'மலப்புறம்' என்பதே.

தமிழ் இலக்கண மரபில் இதற்குத் தெளிவான விளக்கம் உண்டு. 'வெற்றிலை நட்டான்' என்னும்போது இலையின் பெயர் கொடிக்கு ஆகி வருகிறது. 'தலைக்கு ஒரு பழம்' என்னும்போது உறுப்பின் பெயர் ஆளுக்கு ஆகி வருகிறது. சினையின் பெயர் முதலுக்கு ஆகி வருவதால் இது சினையாகுபெயர். திரளின் ஓர் உறுப்பாகிய நகராட்சியின் பெயர் திரள் முழுவதற்கும் ஆகி வருவதும் இவ்வகையினதே. ஆகுபெயரைக் கேட்போர் அதனை ஆகுபெயர் என உணர்ந்தால் பொருள் மயக்கம் இல்லை. வெற்றிலை நட்டான் என்பதைக் கேட்டு இலையை மண்ணில் ஊன்றியதாக எவரும் கொள்வதில்லை. நகரப் பெயர்களில் அவ்வுணர்வு படிப்போரிடம் இல்லை. திரளின் எண்ணைக் கண்டு நகராட்சியை நினைத்துக்கொள்கின்றனர். ஆகுபெயர் இயற்பெயராகப் படிக்கப்படுவதே மயக்கத்தின் தோற்றுவாய் ஆகும்.

3. கேரளத்தின் எழு நகரங்கள்

பத்து இலட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரத்திரள்களும் நகரங்களும் 2001இல் இந்தியாவில் 35, 2011இல் 53. கேரளத்தில் 2001இல் கொச்சி ஒன்றே இவ்வரிசையில் இருந்தது. 2011இல் ஏழு திரள்கள் இடம்பெற்றன. ஒவ்வொன்றிலும் மைய உள்ளாட்சி அமைப்பின் மக்கள்தொகையும், திரளின் மக்கள்தொகையும் கீழே தரப்படுகின்றன. எண்கள் இலட்சத்தில், தோராயமாக்கப்பட்டவை. ஒவ்வோர் இணையிலும் முதலெண் 2001க்கும் அடுத்தது 2011க்கும் உரியவை. 2011இன் மைய எண்கள் அக்கணக்கெடுப்பில் கொள்ளப்பட்ட எல்லைக்கு உரியவை.

கொச்சி: மையம் 6.0, 6.0, திரள் 13.6, 21.2
கோழிக்கோடு: மையம் 4.4, 4.3; திரள் 8.8, 20.3
திருச்சூர்: மையம் 3.2, 3.2, திரள் 3.3, 18.6
மலப்புறம்: மையம் 0.6, 0.7, திரள் 1.7, 17.0
திருவனந்தபுரம்: மையம் 7.4, 7.4, திரள் 8.9, 16.8
கண்ணூர்: மையம் 0.6, 0.6, திரள் 5.0, 16.4
கொல்லம்: மையம் 3.6, 3.5, திரள் 3.8, 11.1

ஏழு மையங்களின் கூட்டுத்தொகை 2001இல் ஏறத்தாழ 25.8 இலட்சம்; 2011இல் 25.7 இலட்சம். ஏழு திரள்களின் கூட்டுத்தொகையோ 45 இலட்சத்திலிருந்து 121 இலட்சமாக உயர்ந்துள்ளது. மையங்கள் அசையவில்லை, திரள்கள் ஏறத்தாழ 2.7 மடங்காயின. விரைவாகப் பெருகும் நகரங்களின் உலகப் பட்டியலில் இடம்பெற்ற கொல்லத்திலும் கோழிக்கோட்டிலும் மாநகராட்சி எல்லைக்குள் வாழ்ந்தோர் தொகை சிறிது குறைந்தே இருந்தது என்பது கருதத்தக்கது.

உள்ளாட்சி எல்லையும் நிலையானது அன்று. 2010ஆம் ஆண்டு பேப்பூர், செறுவண்ணூர்-நல்லளம், எலத்தூர் ஆகிய பஞ்சாயத்துகள் கோழிக்கோடு மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிற்கான ஆட்சி எல்லைகள் 2009 திசம்பர் 31 அன்று இருந்தவாறே உறுதி செய்யப்பட்டிருந்தமையால் இம்மாற்றம் அதில் ஏறவில்லை. எனவே 'கோழிக்கோட்டின் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகை' என்பதற்குப் பழைய எல்லைப்படி 4.3 இலட்சம், இணைப்புக்குப் பிந்தைய எல்லைப்படி ஏறத்தாழ 6.1 இலட்சம், திரளின்படி 20.3 இலட்சம் என மூன்று விடைகள் உள. மூன்றும் சரியானவை. எவ்வெல்லைக்கு உரியது எனக் கூறாதபோது மூன்றும் பிழையாகின்றன.

4. 61 இலட்சம் பேர் எங்கிருந்து வந்தனர்?

ஒரு வட்டாரத்தின் நகர மக்கள்தொகை பெருகுவதற்குரிய காரணங்களை மூன்றாகப் பகுக்கலாம். பிறப்பு இறப்பை விஞ்சுவதால் நிகழும் இயற்கைப் பெருக்கம் ஒன்று. பிற இடங்களிலிருந்து மக்கள் வந்து குடியேறுதல் மற்றொன்று. கிராமமாக இருந்த ஊர் நகரமாக வகைப்படுத்தப்படுதலும் நகர எல்லை விரிவடைதலும் மூன்றாவது. முதலிரண்டும் மனிதர் வாழ்வில் நிகழ்வன. மூன்றாவது, மனிதர் இருந்த இடத்திலேயே இருக்க, அவர்களுக்குரிய சொல் மாறுவது.

கேரளத்தில் இம்மூன்றும் எவ்வளவு பங்கு பெற்றன என்பதை எளிய கணக்கால் அறியலாம். 2001இல் மாநிலத்தின் மக்கள்தொகை 3,18,41,374, 2011இல் 3,34,06,061. பத்தாண்டுப் பெருக்கம் 4.9 விழுக்காடு மட்டுமே. எண்ணிக்கையில் இது ஏறத்தாழ 15.6 இலட்சம். இதே காலத்தில் நகர மக்கள்தொகை 82.7 இலட்சத்திலிருந்து 159.3 இலட்சமாக, அதாவது 76.7 இலட்சம் உயர்ந்தது. மாநிலத்தின் பெருக்கம் முழுவதும் நகரங்களிலேயே நிகழ்ந்தது எனக் கொண்டாலும் எஞ்சிய 61 இலட்சத்திற்கு வேறு காரணம் வேண்டும். கிராம மக்கள்தொகையில் ஏற்பட்ட குறைவும் சரியாக 61 இலட்சமே.

பத்தாண்டுகளில் 61 இலட்சம் பேர் வீடு பெயர்ந்து நகரம் சேர்ந்தனரா? அவ்வாறாயின் அவர்கள் சேர்ந்த மாநகராட்சிகள் பெருகியிருக்க வேண்டும். அவை பெருகவில்லை என்பதை மேலைப் பட்டியல் காட்டுகிறது. இதற்கான விடை கணக்கெடுப்பு நகரங்களில் உள்ளது. கேரளத்தில் 2001இல் 99ஆக இருந்த கணக்கெடுப்பு நகரங்கள் 2011இல் 461 ஆயின. சட்டமுறை நகரங்கள் 60இலிருந்து 59ஆகக் குறைந்தன. நகர மக்கள் விழுக்காடு 26.0இலிருந்து 47.7 ஆனது. மக்கள் நகரத்திற்குச் செல்லவில்லை. 'நகரம்' என்னும் சொல் மக்களிடம் வந்து சேர்ந்தது எனலாம்.

முந்தைய எண்களும் இதனை வலியுறுத்துகின்றன. கேரளத்தின் நகர மக்கள் விழுக்காடு 1981இல் 18.7, 1991இல் 26.4, 2001இல் 26.0. நகரமயமாதல் ஏறி, நின்று, சிறிது இறங்கி, பின் ஒரே பாய்ச்சலில் இருமடங்கை அணுகியதாக இவ்வரிசை கூறுகிறது. எந்தச் சமுதாயமும் இவ்வாறு இயங்குவதில்லை. 1991இல் 197ஆக இருந்த நகரங்களின் எண்ணிக்கை 2001இல் 159ஆகக் குறைந்து 2011இல் 520ஆக உயர்ந்தமையே இவ்வேற்ற இறக்கத்தின் காரணம். மேலும், 2011ஆம் ஆண்டுக்குரிய கணக்கெடுப்பு நகரங்கள், 2001ஆம் ஆண்டுத் தரவுகளில் 4,000க்கு மேற்பட்ட மக்கள்தொகையும் ஏனைய இரு தகுதிகளும் உடைய ஊர்களாக முன்கூட்டியே தெரிவு செய்யப்பட்டவை. ஆகவே 2001-2011க்கு உரியதாகக் காட்டப்படும் பாய்ச்சலின் ஒரு பகுதி அதற்கு முன்னரே நிகழ்ந்த மாற்றத்தின் பதிவாகும்.

ஐக்கிய நாடுகளின் மதிப்பீடுகள் அந்தந்த நாட்டின் வரையறைகளையும் கணக்கெடுப்பு எண்களையும் அடிப்படையாகக் கொண்டிருந்தன. 2001இன் 1.7 இலட்சத்தையும் 2011இன் 17 இலட்சத்தையும் ஒரே பொருளின் இரு நிலைகளாகக் கொண்டு, அவற்றினின்று எதிர்காலத்தைக் கணித்தால் மலப்புறம் உலகில் முதலிடம் பெறுவது இயல்பே.

5. தொழிலால் அமையும் நகரம்

இம்மாற்றம் வெறும் ஏட்டுச் சுரைக்காய் என ஒதுக்கத்தக்கதும் அன்று. வகைப்பாடு மாறியதற்கு அடியில் ஒரு சமுதாய உண்மை உள்ளது.

கேரளத்தின் மக்கள் நெருக்கம் 2011இல் சதுர கிலோமீட்டருக்கு 860. நகரத்திற்கு விதிக்கப்பட்ட 400 என்னும் அளவை மாநிலச் சராசரியே இருமடங்குக்கு மேல் தாண்டிவிடுகிறது. அவ்வாறே கேரளத்தின் வருவாய்க் கிராமங்கள் பெரியன. 2011இல் கிராமப்புற மக்கள் 1.75 கோடியினர் ஆயிரத்துச் சொச்சம் கிராமங்களில் வாழ்ந்தனர். சராசரியாக ஒரு கிராமத்திற்கு 17,000 பேர். எனவே 5,000 என்னும் அளவும் பெரும்பாலான கிராமங்களுக்குத் தடையன்று. மூன்று அளவுகோல்களில் இரண்டு செயலற்றுப் போக, எஞ்சி நிற்பது தொழில் ஒன்றே. பீகாரோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அம்மாநிலத்தின் நெருக்கம் 1,106, கேரளத்தைவிட மிகுதி. ஆனால் நகர மக்கள் 11.3 விழுக்காட்டினரே. அங்கு ஆடவர் வேளாண்மையை விட்டு அகலவில்லை.

கேரளத்தில் ஆடவர் அகன்றனர். 1970களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்றோர் அனுப்பிய பணம், வீடு கட்டுதல், வணிகம், போக்குவரத்து, கல்வி, மருத்துவம் ஆகிய துறைகளில் வேலைகளைப் பெருக்கியது. நெல்வயல்கள் சுருங்கின. வகைப்பாட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. அண்மைக் கணக்கெடுப்புகளில் தோட்டத் தொழிலாளர், பயிரிடுவோர் என்ற பிரிவிலோ வேளாண் கூலியாளர் என்ற பிரிவிலோ சேர்வதில்லை. 'பிற தொழிலாளர்' என்ற பிரிவிலேயே சேர்கின்றனர். தோட்டப் பயிர்கள் மிகுந்த மாநிலத்தில் இது கருத்திற்கொள்ள வேண்டிய செய்தி. மண்ணில் உழைத்தும் கணக்கில் வேளாண்மைக்குப் புறத்தே நிற்போர் அங்கு உளர்.

குடியிருப்பின் அமைப்பும் பழைமையானது. பதினான்காம் நூற்றாண்டில் மலபார்க் கரையில் பயணம் செய்த இபின் பதூதா, நிலம் முழுவதும் பயிர்செய்யப்பட்டிருந்ததையும் ஒவ்வொருவருக்கும் தோட்டமும் அதன் நடுவே வீடும் இருந்ததையும் குறிப்பிட்டுள்ளார். வீடுகள் செறிந்த தமிழ்நாட்டு ஊரமைப்புக்கு மாறாக, தோட்டத்துக்கு ஒரு வீடாகப் பரந்து தொடரும் இவ்வமைப்பில் ஊருக்கும் ஊருக்கும் இடையே வெற்றிடம் அரிது. தொழில் மாறியவுடன் தொடர்ச்சி முழுவதும் ஒருசேர நகரத்திரளாயிற்று.

'நகரம்' என்ற சொல் அளவைவிடத் தொழிலால் பொருள் கொள்வது தமிழ் மரபுக்குப் புதிதன்று. சங்க இலக்கியத்தில் 'நகர்' என்பது பெரும்பாலும் வீடு, மாளிகை, கோயில் ஆகியவற்றைக் குறித்தது. சோழர்காலக் கல்வெட்டுகளில் 'ஊர்' என்பது வேளாண் குடிகளின் அவை. 'சபை' என்பது பிரமதேயத்தின் அவை. 'நகரம்' என்பது வணிகர் அவை, அவ்வவை இயங்கிய வணிக ஊர். அங்கு நகரத்தை நகரமாக்கியது தலைகளின் எண்ணிக்கையன்று, வாழ்வோரின் தொழிலே. அளவால் பெரியது என்ற பொருள் பின்னர் மேலோங்கியது. கேரளத்தின் கணக்கெடுப்பு நகரம், தன்னை அறியாமலேயே, கல்வெட்டு வழக்கின் பொருளுக்கு அருகில் நிற்கிறது.

6. மக்கள் வழக்கில் நகரம்

மலையாளத்தில் நகராட்சி 'நகரசபை' எனப்படும். மாநகராட்சி 'கோர்ப்பரேஷன்' என்றே வழங்கும். கேரளத்தில் கிராமப் பஞ்சாயத்துக்கும் நகரசபைக்கும் இடையே தமிழ்நாட்டின் பேரூராட்சியை ஒத்த அமைப்பு இல்லை. கணக்கெடுப்பு நகரங்கள் அங்கு மிகுதியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2011இல் தமிழ்நாட்டின் நகரங்கள் 1,097இல் 721 சட்டமுறை நகரங்கள். 376 மட்டுமே கணக்கெடுப்பு நகரங்கள். கேரளத்திலோ 520இல் 461 கணக்கெடுப்பு நகரங்கள். ஒரே தன்மையுடைய ஊர், எல்லைக்கு இப்புறம் பேரூராட்சியாகச் சட்டமுறை நகரத்திலும், அப்புறம் பஞ்சாயத்தாகக் கணக்கெடுப்பு நகரத்திலும் சேர்கிறது. தமிழ்நாட்டிலும் இப்பெயர் நிலையாக இருந்ததில்லை. 2004இல் 561 பேரூராட்சிகள் சிறப்புநிலைச் சிற்றூராட்சிகளாக மாற்றப்பட்டு, 2006இல் மீண்டும் பேரூராட்சிகள் ஆயின.

மக்களின் பேச்சு வழக்கு இவ்விரண்டிலிருந்தும் வேறானது. கேரளத்துக் கணக்கெடுப்பு நகரத்தில் வாழ்பவர், கடைகள் கூடிய சாலைச் சந்திப்பைக் 'கவல' என்றோ 'அங்ஙாடி' என்றோ 'டவுண்' என்றோ குறிப்பிடுவார். 'டவுணில் போகுந்நு' என்னும்போது தாம் வாழும் இடம் டவுண் அன்று என்பதே அவர் கருத்து. மலப்புறம் மாவட்டத்தில் திரூரங்ஙாடி, பரப்பனங்ஙாடி, அங்ஙாடிப்புறம் எனவரும் ஊர்ப்பெயர்கள் வணிகம் கூடிய இடமே ஊருக்குப் பெயர் தந்ததைக் காட்டுகின்றன. தமிழின் 'அங்காடி'யே இச்சொல். கணக்கெடுப்பின் நகரம், சட்டத்தின் நகரம், பேச்சின் நகரம் என மூன்று பொருட்புலங்கள் ஒரே நிலப்பரப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன.

7. மொழிபெயர்ப்பில் காக்க வேண்டியவை

மேற்கூறியவற்றால் மொழிபெயர்ப்பாளர் கருத்தில் கொள்ள வேண்டிய சில நெறிகள் பெறப்படுகின்றன.

முதலாவது, அலகின் பெயரை விடாமை. மூலத்தில் நகரத்திரள் என இருப்பதைச் 'சுருக்கம் கருதி' நகரம் எனப் பெயர்ப்பது பொருளை மாற்றுவதாகும். 'கண்ணூர் நகரத்தின் மக்கள்தொகை 16 இலட்சம்' என்பதும் 'கண்ணூர் நகரத்திரளின் மக்கள்தொகை 16 இலட்சம்' என்பதும் ஒன்றல்ல. அக்கணக்கெடுப்பு நடந்தபோது கண்ணூர் 57 ஆயிரம் பேர் கொண்ட நகராட்சியே. அருகிலுள்ள ஐந்து பஞ்சாயத்துகள் இணைக்கப்பட்டு அது மாநகராட்சி ஆனது 2015இல்தான். சட்டமுறை நகரம், கணக்கெடுப்பு நகரம், புறவளர்ச்சிப் பகுதி, நகரத்திரள் ஆகிய நான்கிற்கும் நான்கு தனிச்சொற்களை ஒரு நூல் முழுவதும் மாறாமல் ஆளுதல் வேண்டும். எச்சொல் சிறந்தது என்பதைவிட ஒன்றுக்கு ஒன்று என்ற ஒழுங்கே இன்றியமையாதது.

இரண்டாவது, 'மாநகரம்' என்ற அடையில் எச்சரிக்கை. பத்து இலட்சம் மக்கள்தொகை உடைய திரள் தானாகவே மாநகராட்சி ஆவதில்லை. 1992ஆம் ஆண்டு 74ஆம் திருத்தத்தின்வழி அரசமைப்பில் சேர்ந்த 243-பி உறுப்பின்படி, பெருநகரப் பகுதி என்பது பத்து இலட்சத்துக்குக் குறையாத மக்கள்தொகையோடு, ஆளுநர் பொது அறிவிக்கையால் குறிப்பிடுவதாகவும் இருத்தல் வேண்டும். புள்ளிவிவரச் சொல்லைச் சட்டச் சொல்லால் பெயர்த்தால் இல்லாத ஓர் ஆட்சி அமைப்பை மொழிபெயர்ப்பு படைத்துவிடும்.

மூன்றாவது, 'வளர்ச்சி' என்ற சொல். ஆங்கிலத்தில் 'குரோத்' என்பதற்கும் 'டெவலப்மெண்ட்' என்பதற்கும் தமிழில் 'வளர்ச்சி' என்ற ஒரே சொல் ஆளப்படுகிறது. 'உலகில் மிக வேகமாக வளரும் நகரம்' என்ற தொடர் தமிழில் முன்னேற்றத்தைக் குறிப்பாக உணர்த்துகிறது. மூலம் கூறியது தலைகளின் எண்ணிக்கையை மட்டுமே. மக்கள்தொகை பற்றிய இடங்களில் 'பெருக்கம்' என்றும் பொருளியல் பற்றிய இடங்களில் 'வளர்ச்சி' என்றும் பகுத்து ஆள்வது மயக்கத்தைத் தவிர்க்கும். எல்லை விரிந்ததால் கூடிய எண்ணிக்கையைப் 'பெருக்கம்' என்பதைக் காட்டிலும் 'சேர்க்கை' எனக் கூறுவது பொருந்தும்.

நான்காவது, ஒப்பீட்டில் எல்லையை ஒப்பிடுதல். இரு ஆண்டுகளின் எண்களை ஒரே வாக்கியத்தில் அமைக்கும்போது இரண்டும் ஒரே எல்லைக்கு உரியனவா என்பதை உறுதி செய்தல் வேண்டும். இல்லையெனின் 'இவ்வாண்டின் எல்லைப்படி' என்ற அடைமொழியைச் சேர்த்தல் வேண்டும். அடைமொழி வாக்கியத்தின் நடையைச் சற்றுத் தடுக்கலாம், பொருளைக் காக்கும்.

8. மொழி ஆய்வில் விளைவு

கணக்கெடுப்பின் மொழித் தரவுகளை நகரம், கிராமம் எனப் பகுத்து ஆராயும் மொழியியலாளர்க்கும் இச்சிக்கல் உரியது. இந்தியாவில் மலையாளத்தைத் தாய்மொழியாகக் குறித்தோர் 2001இல் 3.31 கோடி, 2011இல் 3.48 கோடி. பெருக்கம் 5.4 விழுக்காடு. கேரளத்தின் நகர மக்கள்தொகையோ இதே காலத்தில் 92.7 விழுக்காடு உயர்ந்தது. மாநிலத்தில் மலையாளம் பேசுவோரே மிகப் பெரும்பான்மையினர் ஆதலின், நகரங்களில் வாழும் மலையாளிகளின் தொகை ஏறத்தாழ இருமடங்கானது எனத் தரவு காட்டும். இதனைக் கொண்டு நகர வழக்கு பரவுகிறது, வட்டார வழக்கு அழிகிறது என்ற முடிவுக்கு வருவது எளிது. ஆனால் பேசுவோர் இடம் பெயரவில்லை. அண்டை வீட்டாரும் மாறவில்லை. அவர்கள் வாழும் ஊரின் வகைப்பெயரே மாறியது.

கள ஆய்வுக்கு ஊர்களைத் தெரிவு செய்யும்போதும் இதே எச்சரிக்கை தேவை. மலப்புறம் திரளுக்கு உட்பட்ட ஒரு பஞ்சாயத்தில் திரட்டிய உரையாடலை 'நகரத் தரவு' என்றும், பீகாரில் அதைவிட நெருக்கமான ஓர் ஊரில் திரட்டியதைக் 'கிராமத் தரவு' என்றும் பெயரிட்டு ஒப்பிட்டால், ஒப்பிடப்படுவது ஊர்களின் மொழியன்று. ஆடவர் தொழில் பற்றிய ஒரு விழுக்காட்டு எல்லையே. மக்கள் நெருக்கம், தொழில், கல்வி, இடப்பெயர்வு ஆகியவற்றைத் தனித்தனி மாறிகளாகக் கொள்வதே தக்கது.

9. முடிவுரை

நகரங்களின் பெருக்கம் பற்றிய எண் ஒரு வாக்கியத்தின் பயனிலை போன்றது. எழுவாய் யாதெனத் தெளிவுறாதவரை பயனிலை பொருள் தருவதில்லை. கேரளத்தின் எழு நகரங்களில் எழுவாய் மாறியது; மாறியது உணரப்படாமல் பயனிலை மட்டும் மொழிக்கு மொழி பெயர்க்கப்பட்டது. அதனால் மாநகராட்சி எல்லைக்குள் மக்கள் குறைந்த ஊரும் உலகின் விரைந்து பெருகும் நகரமாகப் படிக்கப்பட்டது. அதே வேளையில், வேளாண்மையை விட்டகன்ற ஒரு சமுதாயம், நகரத்திற்குரிய நெருக்கத்தோடும் தொழிலோடும், கிராமத்திற்குரிய ஆட்சி அமைப்பின்கீழ் வாழ்கிறது என்னும் மெய்யான செய்தி கவனிக்கப்படாது போயிற்று. கழிவு அகற்றல், குடிநீர், மனையிடத் திட்டம் ஆகியவற்றில் அம்மக்கள் எதிர்கொள்ளும் இடர்கள் அச்செய்தியிலிருந்தே விளங்கும். பட்டியலின் முதலிடத்திலிருந்து விளங்கா.

2021இல் நடைபெற வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐ மேற்கோள் நாளாகக் கொண்டு நடைபெறும் என 2025 சூனில் அறிவிக்கப்பட்டது. 2015இல் கேரளத்தின் நகரசபைகள் 87ஆகவும் மாநகராட்சிகள் 6ஆகவும் உயர்ந்துள்ளமையால், முந்தைய கணக்கெடுப்பு நகரங்கள் பல, சட்டமுறை நகரங்களாக அதில் இடம்பெறும். புதிய எண்கள் வரும்போது அவை மீண்டும் 2011இன் எண்களோடு ஒப்பிடப்படும். பல மொழிகளில் பெயர்க்கப்படும். அவ்வேளையில் 'எந்த மலப்புறம்?' என்ற வினாவை முதலில் எழுப்பி, விடையைத் தம் வாக்கியத்திலேயே சேர்த்து எழுதுவது மொழிபெயர்ப்பாளர் கடனாகும்.